உகாண்டாவில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டராகப் போகிறீர்களா?

"ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலை பார்க்க ஆசை. எப்படிப் போவது, என்ன தயார் செய்துகொள்வது?" என்று கேட்கிற இளம் டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. சட்டம், மொழி, நோய் எல்லாமே நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே எனக்குத் தெரிந்த உகாண்டாவை வைத்தே சொல்கிறேன். தான்சானியாவுக்கோ மலாவிக்கோ போகிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். ஆனால் பதிவு, விசா விஷயங்களை அவர்கள் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆஸ்பத்திரிகளை இன்று நடத்துகிறவர்கள் உகாண்டா டாக்டர்களும் நர்சுகளும்தான். மெடிக்கல் சூப்பரின்டெண்டெண்ட் அந்த ஊர்க்காரராக இருப்பார், மேட்ரனும் அப்படித்தான். அவர்களுக்குக் கீழே இன்னொரு பணியாளராகத்தான் நீங்கள் சேர்கிறீர்கள். ஊரைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்போடு வருகிறவர்கள் சில மாதங்களில் மனம் நொந்து திரும்பிவிடுகிறார்கள். வேலையைக் கற்றுக்கொண்டு செய்வோம் என்று வருகிறவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

1. எந்த ஆஸ்பத்திரி?

மிஷன் ஆஸ்பத்திரி என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கம்பாலாவில் உள்ள மெங்கோ ஆஸ்பத்திரியை ஆல்பர்ட் குக் என்ற ஆங்கிலேய மிஷனரி டாக்டர் 1897-இல் தொடங்கினார். வடக்கே குலு நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லாச்சோர், கத்தோலிக்கக் கொம்போனி சபையினர் 1959-இல் ஆரம்பித்தது. இன்று நானூறுக்கு மேல் படுக்கைகள் உள்ள பெரிய ஆஸ்பத்திரி அது. தென்மேற்கு மலையில் அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் கிசீசி, ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. அந்த அருவித் தண்ணீரிலிருந்தே ஆஸ்பத்திரி தன் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அதே பக்கத்தில் காட்டோரம் இருக்கும் பிவின்டி சமுதாய ஆஸ்பத்திரி 2003-இல் மரத்தடி கிளினிக்காக ஆரம்பித்தது. பிவின்டி காடு 1991-இல் தேசியப் பூங்கா ஆனபோது காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பட்வா என்ற பழங்குடி மக்களுக்காக வந்தது அது. கம்பாலாவில் கிபுலி முஸ்லிம் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

இவற்றின் நிதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். லாப நோக்கமில்லாத தனியார் ஆஸ்பத்திரிகள் என்ற வகையில் இவை வருகின்றன. அரசு கொஞ்சம் மானியம் கொடுக்கிறது, சில இடங்களில் ஊழியர்களையும் அனுப்புகிறது. மிச்சம் நோயாளிகள் கட்டும் பணமும் வெளிநாட்டு நன்கொடையும்தான். நன்கொடை குறைந்தால் உங்கள் வார்டில் மருந்து குறையும், சம்பளம் தள்ளிப்போகும்.

கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட், முஸ்லிம் ஆஸ்பத்திரிகளுக்குத் தனித்தனியாக மெடிக்கல் பீரோ என்ற தலைமை அலுவலகம் கம்பாலாவில் இருக்கிறது. ஆள் தேவைப்படும் ஆஸ்பத்திரி எது என்று விசாரிக்க அதுதான் நல்ல வழி. நடுவில் பணம் வாங்கிக்கொண்டு "தொண்டு அனுபவம்" ஏற்பாடு செய்யும் ஏஜென்சிகள் பக்கம் போகாதீர்கள். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று வருகிறவர்களால் ஆஸ்பத்திரிக்கு வேலைதான் கூடுகிறது. நீங்கள் அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுக்க வரும் சீனியராக இருந்தால் குறுகிய காலம் சரி. மற்றவர்கள் ஒரு வருடமாவது இருப்பதாக முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

ஆஸ்பத்திரியோடு பேசும்போது இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்: மொத்தம் எத்தனை டாக்டர்கள், ராத்திரி டியூட்டி எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும், சிசேரியன் யார் செய்கிறார்கள், மயக்க மருந்து கொடுக்க ஆள் உண்டா, ரத்தம் எங்கிருந்து வருகிறது, எனக்கு மேலே சீனியர் யார், தங்க இடம் உண்டா, ஒர்க் பெர்மிட் செலவு யாருடையது. இந்தக் கேள்விகளைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

2. காகித வேலை

உகாண்டா மெடிக்கல் அண்ட் டென்டல் பிராக்டிஷனர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஒரு நோயாளியைக்கூடத் தொடக்கூடாது. மிஷன் ஆஸ்பத்திரி, இலவச சேவை என்பதற்காக இதில் விலக்கு எதுவும் கிடையாது. பட்டச் சான்றிதழ், உங்கள் ஊர் மருத்துவக் கவுன்சிலின் பதிவு, அதே கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்று, பாஸ்போர்ட், ஆஸ்பத்திரியின் அழைப்புக் கடிதம் ஆகியவை வேண்டும். நன்னடத்தைச் சான்று வர நாளாகும் என்பதால் அதை முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். பதிவு கிடைத்த பிறகும் லைசென்ஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

ஒர்க் பெர்மிட்டுக்கு ஆஸ்பத்திரி அலுவலகமே விண்ணப்பிக்கும். "முதலில் டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிக்கல் வந்தால் மாட்டுவது நீங்கள் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியும்தான்.

3. உங்கள் உடம்பு

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் அந்த அட்டை செல்லும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். உகாண்டாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அது கையில் இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருந்தாலும் எதிர்ப்பு அளவு போதுமா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

"நாம் இந்தியாவில் வளர்ந்தவர்கள், நமக்கு மலேரியா ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் அதிகம். அது தவறு. தமிழ்நாட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. அங்கே பெரும்பாலும் இருப்பது உயிரையே எடுக்கக்கூடிய பால்சிபாரம் வகை. அதற்கான எதிர்ப்புச் சக்தி நம் உடம்பில் இல்லை. கொசுவலைக்குள் தூங்குங்கள், தடுப்பு மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் பாருங்கள். டாக்டர்கள்தான் தங்கள் காய்ச்சலை மூன்று நாள் இழுத்தடிப்பார்கள்.

4. கிளம்பும் முன் கற்றுக்கொள்ள வேண்டியது

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் தனியாக நின்று சிசேரியன் செய்யும் வாய்ப்பு அநேகமாகக் கிடைப்பதில்லை. அதற்கு மகப்பேறு நிபுணர் இருக்கிறார். உகாண்டாவில் ஹவுஸ் சர்ஜன் காலத்திலேயே சிசேரியன் கற்றுக்கொள்கிறார்கள். கிராம ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கும் பொது டாக்டர்தான் அதைச் செய்ய வேண்டும். "எனக்கு அது வராது" என்று சொல்லும் டாக்டரை ராத்திரி டியூட்டியில் தனியாகப் போட முடியாது. அப்போது மற்றவர்களின் சுமை கூடும்.

ஆகவே கிளம்பும் முன் சில மாதங்கள் பிரசவம் அதிகம் நடக்கும் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் போய் நில்லுங்கள். சிசேரியன், ஸ்பைனல் மயக்க மருந்து, கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுப்பது, பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவைப்பது, வேக்கூம் பிரசவம், நெஞ்சில் டியூப் போடுவது, எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு, அடிப்படை அல்ட்ராசவுண்ட் என்று கைவேலைகளாகப் பழகுங்கள். கெட்டமினைத் தனியாகச் சொல்கிறேன். மயக்க மருந்து நிபுணர் இல்லாத ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ உயிர்கள் அந்த ஒரு மருந்தை நம்பித்தான் இருக்கின்றன.

உகாண்டா சுகாதார அமைச்சகம் வெளியிடும் கிளினிக்கல் கைடுலைன்ஸ் புத்தகத்தை போனில் இறக்கிக்கொண்டு போங்கள். எந்த நிலை ஆஸ்பத்திரியில் எந்த மருந்து கிடைக்கும் என்பது வரை அதில் இருக்கிறது. நம் பாடப்புத்தகத்துக்கும் அதற்கும் முரண் வந்தால் அங்கே அதுதான் செல்லும்.

5. முதல் சில வாரங்கள்

ரவுண்ட்ஸில் பின்னால் நின்று பாருங்கள். அங்கே கிளினிக்கல் ஆஃபீசர் என்று ஒரு பிரிவினர் உண்டு. மூன்று வருட டிப்ளமோ படித்தவர்கள். ஓ.பி.யின் பெரும்பகுதியை அவர்கள்தான் ஓட்டுகிறார்கள். பத்து வருடம் அந்த ஊரில் ஓ.பி. பார்த்த கிளினிக்கல் ஆஃபீசர் ஒரு குழந்தையைத் தொட்டுப் பார்த்து "இது வெறும் மலேரியா மாதிரி இல்லை டாக்டர்" என்று சொன்னால் உடனே காது கொடுங்கள். மயக்க மருந்து ஆஃபீசர்கள், மருத்துவச்சிகள் எல்லோருக்கும் இதே மரியாதை.

உகாண்டாவில் வணக்கம் சொல்லி நலம் விசாரிக்காமல் பேச்சை ஆரம்பிப்பது மரியாதைக் குறைவு. "என்ன செய்கிறது?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் நோயாளி சுருங்கிவிடுவார். தென்மேற்கில் "அகாண்டி" என்பார்கள், "நி மாருங்கி" என்று பதில் வரும். கம்பாலாப் பக்கம் மொழி லுகாண்டா, குலுவில் அச்சோலி. அரை நிமிடம் ஆகும் அந்த விசாரிப்பை ஓ.பி.யில் எழுபது பேர் வரிசையில் நின்றாலும் விடாதீர்கள். ஆங்கிலம் தெரிந்த நோயாளிகள் கிராமத்தில் குறைவு, நர்ஸ்தான் மொழிபெயர்ப்பார். அவரைப் பார்த்துப் பேசாமல் நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள்.

நோயாளிகள் கொண்டுவரும் கேஸ் ஷீட் பெரும்பாலும் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம்தான். அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு இருக்கும், உள்ளே ஐந்து வருட வைத்திய வரலாறு இருக்கும். சில பக்கம் மழையில் நனைந்து மை பரவியிருக்கும். பின்னாலிருந்து முன்னால் வரை பொறுமையாகப் புரட்டுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் கொடுத்த ரத்தம், பழைய சிசேரியன், எச்.ஐ.வி. கிளினிக் எண் எல்லாம் அதில்தான் கிடைக்கும். நீங்களும் அடுத்தவருக்குப் புரியும் கையெழுத்தில் எழுதுங்கள். அந்த நோட்டு அடுத்து எந்தக் கிராம கிளினிக்கில் திறக்கப்படும் என்று சொல்ல முடியாது.

6. அதிகம் பார்க்கப்போகும் நோய்கள்

நாட்டின் பெரும்பகுதியில் மழைக்காலம் இரண்டு: மார்ச் முதல் மே வரை ஒன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொன்று. மழை ஆரம்பித்துச் சில வாரங்களில் குழந்தைகள் வார்டு நிரம்பும். ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள் படுத்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

கடுமையான மலேரியாவுக்கு நரம்பில் ஆர்ட்டிசுனேட் ஊசி. 20 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2.4 மில்லிகிராம். வந்தவுடன் ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று, அதன் பிறகு மாத்திரை சாப்பிடும் வரை தினம் ஒன்று. கலக்கும் விதத்தை நர்ஸிடம் ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். 60 மில்லிகிராம் பொடியில் கூடவே வரும் 1 மில்லி பைகார்பனேட்டை முதலில் விட்டுக் குலுக்க வேண்டும். கலங்கல் தெளியும் வரை காத்திருந்து, அப்புறம் 5 மில்லி சலைன் சேர்க்க வேண்டும். கலக்கியதை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சத்தை எடுத்து வைக்கக்கூடாது. ஊசியோடு வேலை முடியாது. நினைவு வந்ததும் மூன்று நாள் மாத்திரை முழுதாகக் கொடுத்தே ஆக வேண்டும். ஆர்ட்டிசுனேட் சேர்ந்த ஆர்ட்டிமிசினின் வகை மருந்துக்கு ஓரளவு எதிர்ப்பு வளர்ந்த ஒட்டுண்ணிகள் வடக்கு உகாண்டாவில் இருப்பது 2021-இல் ஆய்வாக வெளிவந்தது. ஆகவே பாதி மருந்தோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

வலிப்போடு, மயக்கத்தோடு வரும் குழந்தைக்கு முதல் வேலை சுகர் பார்ப்பது. குறைந்திருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 5 மில்லி. குளூக்கோமீட்டர் ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிருந்தால், குறைந்திருப்பதாக எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது நம் ஊரில் படித்தவர்கள் கவனமாக மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம். கைகால் சில்லிட்டு, நாடி பலவீனமாக வரும் காய்ச்சல் குழந்தைக்கு வேகமாக டிரிப்ஸ் ஏற்றுவது நம் கைக்குத் தானாக வரும். உகாண்டா, கென்யா, தான்சானியா ஆஸ்பத்திரிகளில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் என்ற ஆய்வு 2011-இல் வெளியானது. லாச்சோர் ஆஸ்பத்திரியும் அதில் இருந்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். அப்படி ஏற்றாதவர்களில் ஏழு சொச்சம். நல்லது என்று எல்லோரும் நம்பிய ஒரு வைத்தியம் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. ஐ.சி.யூ. இல்லாத வார்டில், ரத்தசோகையும் மலேரியாவும் சேர்ந்த குழந்தைக்கு இதை மறக்கவே கூடாது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குத் திரவம் தேவை, அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹீமோகுளோபின் 4-க்குக் கீழே வரும் குழந்தைகளை வாரந்தோறும் பார்ப்பீர்கள். ரத்தம் தேசிய ரத்த சேவையிலிருந்து வருகிறது. ரத்த தானம் செய்கிறவர்களில் பெரும் பகுதி பள்ளி மாணவர்கள். பள்ளி விடுமுறை வந்தால் ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ் காலியாகும். ஆகவே விடுமுறைக்கு முன்பே இருப்பைக் கேட்டு வையுங்கள். திரும்பத் திரும்ப ரத்தம் தேவைப்படும் குழந்தைக்கு சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனை செய்யுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் அது அதிகம். கண்டுபிடித்துவிட்டால் மலேரியா தடுப்பு, பென்சிலின், ஹைட்ராக்சியூரியா என்று அந்தக் குழந்தையை வளர்த்தெடுக்க முடியும்.

எச்.ஐ.வி. பற்றிச் சுருக்கமாக. வார்டில் சேரும் எல்லோரையும் கேட்டுப் பரிசோதிப்பது வழக்கம். மருந்து இலவசம், ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. எச்.ஐ.வி. கிளினிக் நர்சுகளுக்கு உங்களைவிட அதிகம் தெரியும். தலைவலியோடு வரும் எச்.ஐ.வி. நோயாளிக்கு முதுகு நீர் எடுத்து, மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், இருமலோடு வருபவருக்குக் காசநோய் பாருங்கள். ரகசியம் காப்பதில் எந்தச் சலுகையும் இல்லை. ஓரினச்சேர்க்கைக்கு எதிரான 2023 சட்டம் வந்த பிறகு கிளினிக்குக்கு வரவே அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் இருந்த புகார் கொடுக்கும் கடமையை 2024-இல் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கிவிட்டது. நோயாளி உங்களிடம் சொன்னது உங்களோடு இருக்கட்டும்.

இனி லேபர் வார்டு. மாமா கிட் என்ற பையோடு பெண்கள் வருவார்கள். பிளாஸ்டிக் ஷீட், கையுறை, தொப்புள்கொடி கட்டும் நூல், பஞ்சு எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு பேசின். மலைச்சரிவில் மோட்டார் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, வலி எடுத்து ஒரு முழு நாள் கழித்து வருகிறவர்களும் உண்டு. தலை இறங்காமல், வயிற்றில் குறுக்கே பள்ளம் விழுந்து வரும் தாயைப் பார்த்தால் கர்ப்பப்பை கிழியப் போகிறது அல்லது கிழிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே யோசிக்க நேரம் இல்லை. எமும்ப்வா என்ற மூலிகை கலந்த களிமண் குச்சியைக் கர்ப்பிணிகள் கரைத்துக் குடிப்பது வழக்கம். வலியைத் தூண்டும் மூலிகைகளும் உண்டு. "ஏதாவது குடித்தீர்களா?" என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்வார்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள், வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் போடும்போது நமக்கு ஆபத்து தெரியாது.

ஜன்னி வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட்: நரம்பில் மெதுவாக 4 கிராம், இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம். அப்புறம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 5 கிராம், ஒவ்வொரு முறையும் முழங்கால் துடிப்பு, சிறுநீர், மூச்சு மூன்றையும் பார்த்துவிட்டு. மெக்னீசியம் அதிகமாகிவிட்டால் முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போனால் ஆக்சிடோசினோடு டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், மூன்று மணி நேரத்துக்குள். இந்த மருந்துகள் இருக்கும் டப்பாவை டியூட்டி ஆரம்பிக்கும்போதே திறந்து எண்ணிப் பாருங்கள்.

7. நோயாளியின் பணம்

நீங்கள் எழுதும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் யாரோ ஒருவர் ஆட்டையோ வாழைத்தாரையோ விற்கிறார். எக்ஸ்-ரேவால் உங்கள் முடிவு மாறாது என்றால் அதை எழுதாதீர்கள். இதை நான் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை, நல்ல வைத்தியம் என்றே நம்புகிறேன். லாச்சோரில் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டணத்தைக் குறைவாக, முன்கூட்டியே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். கிசீசியில் 1996-இலிருந்து ஒரு காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. அந்த மலைகளில் எங்கோசி என்ற சங்கங்கள் உண்டு. நோயாளியைப் பின்னிய தூக்குப் படுக்கையில் வைத்து, முறை போட்டுத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற ஊர்ச் சங்கங்கள் அவை. சாவுக்கும் அவர்கள்தான் வந்து நிற்பார்கள். ஆஸ்பத்திரி அந்தச் சங்கங்களையே பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் காப்பீட்டில் சேர்த்தது. வெளியிலிருந்து வந்த திட்டம் நிலைக்காத இடத்தில் ஊரில் ஏற்கெனவே இருந்த ஒன்று நிலைத்தது.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு ஏழைகள் நிதி என்று ஏதோ ஒரு பெயரில் எல்லா மிஷன் ஆஸ்பத்திரியிலும் ஓர் ஏற்பாடு இருக்கும். யாரிடம் கேட்க வேண்டும், எந்தப் படிவம் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பணத்தை நோயாளி கையில் கொடுக்காதீர்கள். கொடுக்க ஆசைப்பட்டால் அந்த நிதியில் போடுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு நியாயமான பதிலே கிடையாது.

வார்டில் நோயாளிக்குச் சாப்பாடு ஆஸ்பத்திரி தராது. கூட வந்தவர்கள் வளாகத்தில் உள்ள கொட்டகையில் சிகிரி என்ற கரி அடுப்பில் மட்டோக்கே என்ற வாழைக்காய் உணவும் பீன்ஸும் சமைக்கிறார்கள். தாயோடு யாரும் வரவில்லை என்றால் அவர் பட்டினி என்று பொருள். ரவுண்ட்ஸில் "கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பது மருந்து எழுதுவதைப் போலவே அவசியம்.

8. மதம்

காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் ஜெபம் உண்டு. பாட்டு, ஒரு வசனம், அன்றைய அறிவிப்புகள். ராத்திரி யார் இறந்தார்கள், ஆக்சிஜன் இருக்கிறதா, தண்ணீர் வருமா என்ற செய்திகளும் அங்கேதான் கிடைக்கும். நீங்கள் இந்துவாகவோ முஸ்லிமாகவோ எந்த நம்பிக்கையும் இல்லாதவராகவோ இருக்கலாம். மரியாதையோடு போய் நில்லுங்கள், இல்லாத பக்தியைக் காட்ட வேண்டாம். சில ஆஸ்பத்திரிகள் விசுவாசிகளை மட்டுமே எடுக்கும், அதைச் சேரும் முன்பே நேராகக் கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளில் கருத்தடை மாத்திரை, ஊசி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கிடையாது. நாலாவது சிசேரியனுக்கு வந்த தாய் கேட்டாலும் கிடையாது. இது பல டாக்டர்களுக்குத் தாங்க முடியாத இடம், எனக்கும் அப்படித்தான். ஆனால் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த பிறகு தியேட்டரில் ரகசியமாக மீறுவது சரியில்லை, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடும் விளையாடுவதாகும். அருகில் உள்ள அரசு மையத்தில் என்ன கிடைக்கும் என்று நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லவும் விடாத ஆஸ்பத்திரி என்றால் சேர வேண்டாம். புராட்டஸ்டன்ட் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாடு உண்டு. கருச்சிதைவு ஆகி ரத்தப்போக்கோடு வரும் பெண்ணுக்கு எல்லா இடத்திலும் முழு சிகிச்சை தர வேண்டும், விசாரணை வேண்டாம்.

9. பாதுகாப்பு

லாச்சோரை வளர்த்தவர்கள் இத்தாலியக் குழந்தை மருத்துவர் பியரோ கோர்த்தியும் அவர் மனைவி, கனடா அறுவை நிபுணர் லூசில் டீஸ்டேலும். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தபோது லூசிலுக்கு எச்.ஐ.வி. தொற்றியது, 1996-இல் இறந்தார். அவர்களுக்குப் பின் ஆஸ்பத்திரியைத் தூக்கி நிறுத்திய மாத்யூ லுக்வியா என்ற உகாண்டா டாக்டர், 2000-இல் குலுவில் எபோலா பரவியபோது முதலில் அடையாளம் கண்டு தனி வார்டு திறந்தார். 425 பேருக்கு நோய் வந்தது, 224 பேர் இறந்தார்கள். டிசம்பர் 5 அன்று லுக்வியாவும் அதே நோயில் இறந்தார். அவரோடு வேலை பார்த்த நர்சுகள் பலரும் இறந்தார்கள்.

இதை பயமுறுத்தச் சொல்லவில்லை. எபோலா 2007, 2022, 2025 என்று உகாண்டாவுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. காய்ச்சலோடு காரணம் தெரியாத ரத்தக்கசிவு, ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்த சாவு என்று கேட்டால் தொடாமல் பின்வாங்கி, தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். கையுறை தீர்ந்துவிட்டால் எவ்வளவு அவசரமானாலும் வெறும் கையோடு ரத்தத்தைத் தொடாதீர்கள். ஊசி குத்திவிட்டால் உடனே கழுவி, 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை ஆரம்பித்து 28 நாள் சாப்பிடுங்கள். அந்த மருந்து ராத்திரி யாரிடம் இருக்கும் என்று சேர்ந்த அன்றே கேளுங்கள்.

எபோலாவைவிட அதிகம் பயப்பட வேண்டியது சாலை. போடா போடா என்ற மோட்டார் பைக் டாக்சியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள், இருட்டிய பிறகு நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.

10. அன்றாட வாழ்க்கை

வளாகத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸ் கிடைக்கும். தென்மேற்கு மலையில் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். பணம் அனுப்புவது, வாங்குவது எல்லாம் மொபைல் மணி. மட்டோக்கே, போஷோ என்ற சோளமாவுக் களி, நிலக்கடலைக் குழம்பு, பீன்ஸ் என்று சாப்பாடு நம் நாக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும். புளி, பெருங்காயம் மட்டும் எடுத்துப் போங்கள், மற்ற மசாலா கம்பாலாவில் இந்தியக் கடைகளில் கிடைக்கும். 1972-இல் இடி அமீன் விரட்டிய ஆசியர்களில் பலர் பிற்பாடு திரும்பி வந்து கடைகள், ஆலைகள் நடத்துகிறார்கள். இந்தியர் என்றாலே வியாபாரி என்ற எண்ணம் கிராமத்தில் இருக்கலாம், அதில் கொஞ்சம் கசப்பும் கலந்திருக்கலாம். வார்த்தையால் அதை மாற்ற முடியாது, நேரத்துக்கு வார்டுக்குப் போவதில் மாறும்.

சம்பளம் குறைவு. ஊரில் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் அடைத்துவிட்டுக் கிளம்புங்கள். குழந்தைகள் சாவதைப் பார்ப்பது பழகாது, பழகவும் வேண்டாம். ஆனால் வாரத்தில் ஒரு நாள் வளாகத்தை விட்டு வெளியே போங்கள், வீட்டில் பேசுங்கள். தூக்கம் போய்விட்டால் சூப்பரின்டெண்டெண்டிடம் சொல்லி லீவு கேளுங்கள்.

11. கிளம்பும்போது

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே உங்கள் வேலையை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று பேசுங்கள். நீங்கள் தொடங்கிய கிளினிக் ஏதாவது இருந்தால், உங்கள் கடைசி இரண்டு மாதமும் அதை இன்னொருவர் நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நடக்காவிட்டால் அது உங்களோடு முடிந்துவிடும் திட்டம் என்று அப்போதே தெரிந்துவிடும், மாற்ற நேரமும் இருக்கும். ஊரிலிருந்து மிஷின் அனுப்ப ஆசைப்பட்டால் பயோமெடிக்கல் டெக்னீஷியனிடம் முதலில் கேளுங்கள். உதிரி பாகமும் ரீயேஜென்ட்டும் கம்பாலாவில் கிடைக்காத மிஷின் சீக்கிரமே ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும்.

உகாண்டா கவுன்சிலிடமிருந்து நன்னடத்தைச் சான்றும், ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் செய்த ஆபரேஷன்களின் பட்டியலோடு அனுபவச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து எந்த நாட்டில் வேலைக்குப் போனாலும் இரண்டையும் கேட்பார்கள், ஊர் திரும்பிய பிறகு அலைந்து வாங்குவது பெரும்பாடு.